மேற்கு ஜன்னலோரத்து மேசை

போன வருடம் ஆனி கடைசியிலிருந்து ஆடி கடைசிக்குள் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. தென்காசியில் கட்டுத்துணி செய்யும் ஒரு தொழிற்சாலையில், வேலையின் வேகத்தைக் கூட்டுவதற்கென்று என்னை அமர்த்தினார்கள்.
2. மெதுவாக வேலை செய்யும் ஆறு பேரின் பெயரை எழுதித் தரச் சொல்லி முதலாளி ஒரு தாளைக் கொடுத்தார்.
3. நான் ஒரு வாரம் கைக்கடிகாரத்தோடு மேசைமேசையாக நின்றேன்.
4. மேசைகளைத் திருப்பிப் போட்டேன்.
5. ஒரு நாள் முழுக்க வெளுத்த துணி செம்மண்ணில் விழுந்தது.
6. மேற்கு வாசல் திறந்தது.
7. முதலாளி மதுரையிலிருந்து திரும்பி வந்து தாளைக் கேட்டார்.

நான்காவதும் ஐந்தாவதும் அடுத்தடுத்த நாட்களில் நடந்தவை. நான்காவது நடந்திருக்காவிட்டால் ஐந்தாவது நடந்திருக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தொழிற்சாலை குற்றாலம் போகும் சாலையில் இருந்தது. முன்பு நெல் கிட்டங்கியாக இருந்த நீளமான ஓட்டுக் கட்டடம். யுத்தம் வந்ததும் பட்டாளத்து ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி நிறையத் தேவைப்பட்டது. முதலாளி நெல்லை விட்டுவிட்டுத் துணிக்கு மாறினார். கடையநல்லூர்த் தறிகளில் நெய்த மெல்லிய சல்லாத்துணி மாட்டுவண்டியில் வந்து இறங்கும். அதைக் கொப்பரையில் சலவைக் காரம் போட்டு வேகவைத்து, வெளுத்து, அலசி, முற்றத்தில் கொடி கட்டிக் காயப்போட வேண்டும். காய்ந்ததைப் பட்டைபட்டையாக நறுக்கி, சுருளாகச் சுற்றி, காகிதத்தில் பொதிய வேண்டும். இவ்வளவுதான் வேலை. இருபத்திரண்டு பெண்கள் செய்தார்கள்.

நான் வீரகேரளம்புதூர்க்காரி. சென்னையில் இரண்டு வருடம் துணித்தொழில் படித்துவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். தென்காசியில் சித்தி வீட்டில் தங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். படித்த பெண் என்றால் பள்ளிக்கூடத்தில்தான் இருப்பாள் என்பதால் அங்கே எல்லோரும் என்னை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். நான் டீச்சர் இல்லை என்று முதல் நாள் இரண்டு முறை சொன்னேன். "சரி டீச்சர்" என்றார்கள். விட்டுவிட்டேன்.

முதலாளி ஐம்பது வயதுக்காரர், நல்ல குரல். பட்டாளத்துக்குச் சரக்கு வாங்கும் ஆள் ஒன்றரை மடங்கு கேட்டிருந்தார். ஆட்களைக் கூட்டாமல் அதைச் செய்வதற்கு முதலாளி ஒரு வழி வைத்திருந்தார். மெதுவாகச் செய்யும் ஆறு பேரை நிறுத்திவிட்டு வேறு ஆறு பேரை எடுப்பது. அதைப் பார்த்து மிச்சப்பேர் வேகமாகச் செய்வார்கள்.

"கோபத்துல செய்யல அம்மா. யாரு மெதுவா செய்யுதான்னு எனக்குத் தெரியாது. எல்லாரும் என்னப் பாத்தா வேகமாத்தான் செய்யுதாங்க. நீங்க படிச்சவங்க, ஒங்களுக்குத் தெரியும்."

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து, அவரே ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டுக் கொடுத்தார். எண்களுக்குப் பக்கத்தில் காலி இடம். ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் அண்ணாச்சி என்று வாங்கிக்கொண்டேன்.

பட்டியல் போடுவது எனக்குப் பிடித்த வேலை. கொப்பரையில் துணி எத்தனை நிமிடம் கிடக்கிறது, ஒரு சுருள் சுற்ற எத்தனை நிமிடம் ஆகிறது, கத்தரிக்கோலைத் தேடுவதில் எவ்வளவு நேரம் போகிறது என்று எல்லாவற்றையும் எழுதினேன். அந்த வாரத்தில் நான் கண்ட முக்கியமான விஷயங்கள் மூன்று.

முதலாவது, ஓட்டம். ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கம் மழை கொட்டுவதில்லை, சாரல்தான். வெயில் அடித்துக்கொண்டே இருக்கும். செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று வரும். காற்றோடு பூப்போலத் தண்ணீர் வரும். கால் மணி நேரத்தில் போய்விடும். அப்படி ஒரு நாளில் ஏழெட்டு முறை. ஒவ்வொரு முறையும் "சாரல்" என்று ஒரு சத்தம் கேட்கும். உடனே இருபத்திரண்டு பேரும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடித் துணியை அள்ளுவார்கள். கணக்குப்பிள்ளையும் ஓடுவார். கொடியிலிருந்து எடுத்த துணியை இரண்டு தோளிலும் போட்டுக்கொண்டு அவர் வேட்டியை மடித்துக் கட்டி ஓடிவருவதைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள். சாரல் போனதும் திரும்ப எடுத்துப் போய்க் காயப்போடுவார்கள். இந்த ஓட்டத்தில் மட்டும் ஒரு நாளில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போனது.

இரண்டாவது, பேப்பர். முதலாளி தினமும் பத்திரிகையோடு வந்து நடுவில் நின்று யுத்தச் செய்தியைச் சத்தமாகப் படிப்பார். சில நாள் பத்து மணிக்கு, சில நாள் பன்னிரண்டுக்கு. பெரிய செய்தி என்றால் இரண்டு தடவை. யாரும் அப்போது சுருள் சுற்ற மாட்டார்கள். ஏழு பேர் வீட்டில் ஆண்கள் பட்டாளத்தில் இருந்தார்கள்.

மூன்றாவது, மேற்கு ஜன்னலோரத்து மேசையில் இருந்த அக்கா. முப்பத்தைந்து வயது இருக்கும். வயல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், கணவர் பட்டாளத்தில் சேர்ந்த பிறகு இங்கே வந்தவர். மற்றவர்கள் நாலு சுருள் சுற்றும் நேரத்தில் அவர் இரண்டுதான் சுற்றினார். ஏழு நாளும் அப்படியே. கை மெதுவாகப் போகவில்லை. கண்தான் கையில் இல்லை. சுற்றிக்கொண்டே ஜன்னல் வழியே குற்றாலத்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சொல்லப்போனால் எல்லோருமே அவ்வப்போது மலையைப் பார்த்தார்கள். இந்த அக்கா மட்டும் விடாமல் பார்த்தார். தாளில் ஒன்று என்ற எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் லேசாக, அழிக்க முடிகிற மாதிரி, ஒரு புள்ளி வைத்தேன்.

பெயர் எழுதுவதற்கு முன்னால் ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று தோன்றியது. மலை தெரிவதால்தானே பார்க்கிறார்கள்? அன்று சாயங்காலம் வேலை முடிந்ததும் எல்லா மேசைகளையும் கிழக்கே பார்த்துத் திருப்பிப் போடச் சொன்னேன். வெளிச்சமும் தோள் மேலாக வந்து கைமேல் விழும். சென்னையில் படித்தது அப்படித்தான். மறுநாள் காலை வந்தவர்கள் தங்கள் மேசைகளைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், உட்கார்ந்தார்கள். டீச்சர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும்.

பத்தரை மணி வரை சுருள்கள் நன்றாகக் கூடின. குறித்துக்கொண்டேன். முதலாளி அன்று காலை ரயிலில் மதுரைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். சரக்கு வாங்கும் ஆளைப் பார்த்துவிட்டு ஒரு வாரத்தில் வந்துவிடுவதாகவும், வந்ததும் தாளை வாங்கிக்கொள்வதாகவும் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு வண்டி ஏறினார்.

அவர் வண்டி சாலைத் திருப்பத்தைத் தாண்டியிருக்காது. சாரல் வந்தது. யாரும் சத்தம் கொடுக்கவில்லை. ஓட்டில் காற்று இரைந்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் நனைந்து கனத்த துணியோடு இரண்டு கொடிகள் அறுந்து, வெள்ளைத் துணி முழுவதும் செம்மண்ணில் கிடந்தது. ஓடிப்போய் எடுத்தோம். எடுக்க எடுக்கச் சிவப்பு பரவியது. கட்டுத்துணியில் மண் கறை இருக்கக் கூடாது. அத்தனையும் திரும்பக் கொப்பரைக்குப் போனது.

நான் கையெல்லாம் மண்ணோடு வாசலில் நின்றேன். நறுக்கும் மேசையில் இருந்த ஒருத்தி, சின்னப் பெண், துணியைப் பிழிந்துகொண்டே பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "மைனியத் திருப்பி ஒக்கார வச்சா வேற எப்படி இருக்கும்?"

ஜன்னல் மேசை அக்காவை அவள் மைனி என்றுதான் கூப்பிடுவாள். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னாள். கேட்டது.

ஜன்னல் மேசை அக்காவிடம் போனேன். சத்தம் கொடுக்கிறவர் நீங்கள்தானா என்று கேட்டேன். அந்த ஏழு நாளும் "சாரல்" என்ற குரல் எங்கிருந்து வருகிறது என்று நான் பார்க்கவே இல்லை. சத்தம் வந்த உடனே கடிகாரத்தைப் பார்த்துவிடுவேன்.

"ஆமா டீச்சர். ஐந்தருவிப் பக்கம் மலை மறைஞ்சா வரும். பெரிய அருவிப் பக்கம் மட்டும் மறைஞ்சா வராது, அப்படியே போயிரும். எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தா வேல கெட்டுரும்லா. அதாம் நான் ஒருத்தி பாக்குதேன்."

யார் சொல்லி இந்த வேலையை எடுத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம். போன வருடம் இரண்டு முறை துணி நனைந்தது, ஜன்னல் பக்கம் இடம் இருந்தது, உட்கார்ந்துவிட்டார். சுருள் குறைவது அவருக்குத் தெரியும். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை.

நான் தாளை எடுத்து, அந்தப் புள்ளியை அழித்தேன். அழித்த இடம் கொஞ்சம் அழுக்காகத் தெரிந்தது.

மேசைகள் அன்று மத்தியானமே பழைய இடத்துக்குப் போயின. ஆனால் அதோடு என் பிரச்சினை தீரவில்லை. இன்னும் ஆறு நாளில் முதலாளி வருவார். ஒன்றரை மடங்கு வராவிட்டால் தாளில் ஆறு பெயர் வேண்டும். போதாததற்கு ஒரு நாள் துணி வேறு பாழ். அக்கா மலையைப் பார்க்கலாம், எல்லோரும் ஓடலாம். ஆனால் ஓடினால் ஒன்றரை மடங்கு தேறாது. இதை ஒளிக்காமல் அக்காவிடமும், கொப்பரை பார்த்த இரண்டு பெண்களிடமும் சொன்னேன். தாளைப் பற்றியும் சொன்னேன். சொல்லலாமா கூடாதா என்று யோசித்துவிட்டுத்தான் சொன்னேன்.

கொப்பரைப் பெண்களில் மூத்தவள் கேட்டாள்: "ஆறு பேரா? யாரு யாரு?"

இன்னும் யாரும் இல்லை என்றேன்.

"அப்ப எழுதாதீங்க" என்றாள், ரொம்பச் சுலபமான காரியம் மாதிரி.

அக்கா மட்டும் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "எங்க வீட்ல ஆடி மாசம் வெளிய துணி காயப்போடுததே இல்ல டீச்சர். நடையில போடுவோம். முன் கதவையும் பின் கதவையும் தொறந்து வச்சா போதும். துணிய வெயிலா காயவைக்குது? காத்துதான. இங்கன மேற்கு வாசல ஏன் பூட்டியே வச்சிருக்காங்கன்னு எனக்கு இதுவரைக்கும் தெரியல."

எனக்கும் தெரியவில்லை. கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. நெல் இருந்த காலத்தில் சாரல் உள்ளே வந்து நெல்லை ஈரமாக்கிவிடும் என்று ஆனி பிறந்ததும் மேற்கு வாசலைப் பூட்டிவிடுவார்களாம். நெல் போய் இரண்டு வருடம் ஆகியும் ஆனி பிறந்ததும் பூட்டிக்கொண்டிருந்தார்கள். சாவி அவரிடம்தான் இருந்தது. முதலாளி வராமல் தர முடியாது என்று முதலில் சொன்னார். வேட்டியை மடித்துக்கொண்டு ஓட வேண்டியிருக்காது என்று கொப்பரைப் பெண் நினைவூட்டியதும் கொடுத்தார்.

மேற்கு வாசல் இருந்த, கிட்டங்கியின் வடக்குப் பாதி சும்மா கிடந்தது. கிழிந்த சாக்கும், நெல் அளந்த உடைந்த மரக்காலும்தான். ஒரு காலையில் காலி செய்தோம். மேற்கு வாசலையும் அதற்கு நேரே இருந்த கிழக்கு வாசலையும் திறந்ததும் காற்று எங்கள் முந்தானையை எல்லாம் ஒரே பக்கமாக இழுத்தது. சாரல் உள்ளே வராமல் இருக்க, வாசலுக்கு வெளியே நாலடி தள்ளி ஒரு மூங்கில் தட்டியை நிறுத்தினோம். தண்ணீர் தட்டியில் பட்டு நின்றது. காற்று சுற்றிக்கொண்டு உள்ளே வந்தது. தட்டியின் இடம் சரியாக அமைய மூன்று முறை மாற்ற வேண்டியிருந்தது. அந்த மூன்று அளவையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

பிறகு ஒரே மாதிரி இரண்டு துண்டை எடுத்து, ஒன்றை முற்றத்திலும் ஒன்றை உள்ளேயும் போட்டுப் பார்த்தேன். முற்றத்துத் துண்டை நாலு முறை எடுத்து நாலு முறை போட வேண்டியிருந்தது. மூன்று மணிக்குத்தான் காய்ந்தது. உள்ளே இருந்தது பன்னிரண்டுக்கு முன்பே காய்ந்துவிட்டது. தொட்டுப் பார்க்க எல்லோரும் வரிசையில் வந்தார்கள். அக்கா இரண்டு முறை தொட்டுப் பார்த்தார்.

அடுத்த நாள் முழுத் துணியும் உள்ளே. சாரல் வந்தது, போனது, யாரும் எழுந்திருக்கவில்லை. சுருள்கள் ஏறின. நான் மனதுக்குள் என்னை மெச்சிக்கொண்டேன்.

அதற்கு மறுநாள் மத்தியானம் சுருள்கள் இறங்கின. மூன்று மணிக்கு மேல் எல்லோர் கையும் தளர்ந்தது. கொட்டாவி. ஒருத்தி கத்தரிக்கோலைக் காலில் போட்டுக்கொண்டாள், நல்ல வேளையாகக் காயமில்லை. காற்றும் இருக்கிறது, துணியும் இருக்கிறது, ஓட்டமும் இல்லை. எதனால் என்று எனக்குப் புரியவில்லை. பட்டியலை இரண்டு முறை பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. சின்னப் பெண்தான் சொன்னாள்.

"ஒக்காந்தே இருந்தா இடுப்பு போயிருது டீச்சர். முன்னாடி ஓடுவோம்லா."

அந்த ஓட்டத்தை நான் நஷ்டம் என்று எழுதியிருந்தேன். எழுதியது முழுக்கத் தப்பில்லை, பாதி தப்பு. அவர்கள் அதில்தான் நிமிர்ந்தார்கள், காலை நீட்டினார்கள், கணக்குப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார்கள். அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நான் ஒன்றும் வைக்கவில்லை. மேலும், முதலாளி இல்லாததால் பேப்பரும் இல்லை. கணக்குப்பிள்ளை மேசையில் நாலு நாள் பேப்பர் பிரிக்காமல் கிடந்தது.

மறுநாள் முதல் பதினொன்றுக்கு ஒரு பத்து நிமிடம், மூன்றுக்கு ஒரு பத்து நிமிடம் எல்லோரும் எழுந்து வெளியே போக வேண்டும் என்று வைத்தேன். பதினொரு மணிக்கு நான் பேப்பரைப் படித்தேன். என் குரல் முதலாளி குரல் மாதிரி இல்லை. "கொஞ்சம் சத்தமா டீச்சர், யுத்தம் நடக்குத மாதிரியே இல்ல" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். மூன்று மணிக்குச் சாரல் வந்தால் முற்றத்தில் நின்று நனைவார்கள். காயப்போட்ட துணி அங்கே இல்லாததால் அந்தச் சாரலை நிம்மதியாக அனுபவித்தார்கள். நானும் ஒரு நாள் போய் நின்றேன்.

முன்பு மூன்று மணி நேரத்தில் வந்த சுருள் இரண்டு மணி நேரத்தில் வர ஆரம்பித்தது. வியாழக்கிழமை ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. வெள்ளிக்கிழமை சரியாக வந்தது.

சனிக்கிழமை காலை முதலாளி வந்தார். மேற்கு வாசல் திறந்திருப்பதைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றார். உள்ளே போய்த் துணியைத் தொட்டுப் பார்த்தார். கணக்குப்பிள்ளை சொன்ன எண்ணிக்கையைத் திரும்பச் சொல்லச் சொன்னார். அதற்குப் பிறகும் தாளைக் கேட்டார். ஆறு என்றால் அவருக்கு ஆறுதான்.

வேலையை மெதுவாக்கியவற்றைத்தான் எழுதியிருக்கிறேன், ஆட்களை எழுதவில்லை என்று சொல்லிக் கொடுத்தேன். தாளில் இருந்தது இது:

1. பூட்டிய மேற்கு வாசல்.
2. முற்றத்துக் கொடி.
3. நறுக்கும் நாலு மேசைக்கு இரண்டே கத்தரிக்கோல்.
4. நடுவில் எழுந்து நிற்க நேரம் இல்லாதது.
5. பத்திரிகை படிக்கும் நேரம் தினம் ஒரு மாதிரி இருப்பது.
6.

ஐந்தாவதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அக்காவிடம் கேட்டதற்கு, "மொதலாளின்னு எழுதாதீங்க, பேப்பர்னு எழுதுங்க. அவங்களுக்குத் தெரியும்" என்றார். அப்படியே எழுதினேன்.

முதலாளி ஐந்தாவதில் நின்றுவிட்டார். திரும்ப மேலிருந்து படித்தார். திரும்ப ஐந்தில் நின்றார். எனக்கு வீரகேரளம்புதூர் வண்டி எத்தனை மணிக்கு என்ற நினைவு வந்தது.

"எத்தன மணிக்குப் படிக்கணும்?"

பதினொன்றுக்கு அண்ணாச்சி, பத்து நிமிடம் என்றேன்.

அவர் என் கடிகாரத்தை எட்டிப் பார்த்தார். பத்து ஐம்பது. நாற்காலியில் உட்கார்ந்தார். பதினொன்று அடித்ததும் எழுந்து போய், எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றார். இருபத்திரண்டு பேரும் எழுந்தார்கள். அவர் கையில் பேப்பரும் இருந்தது, அதன் மேல் என் தாளும் இருந்தது. யுத்தச் செய்தி படிக்கும் அதே குரலில் தாளைத்தான் முதலில் படித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதுக்குப் பெண்கள் சிரித்தார்கள். ஐந்தாவதை அவர் கொஞ்சம் வேகமாகப் படித்தார். யாரும் சிரிக்கவில்லை, ஆனால் கணக்குப்பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆறு" என்று நிறுத்தினார். "ஆறாவது ஒண்ணும் எழுதலயே. நான் ஆறுதான கேட்டேன்?"

மேற்கு ஜன்னல் பக்கமிருந்து அக்காவின் குரல் வந்தது.

"டீச்சர் மேசையத் திருப்பினதப் போட்டுக்கோங்க மொதலாளி. ஒரு நாள் துணி போச்சுல்லா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஒன்றாகச் சிரித்தார்கள், நானும்தான். முதலாளி பென்சிலைக் கேட்டு வாங்கி, சுவரில் வைத்து, அதை அப்படியே எழுதினார். அதற்குப் பிறகு பேப்பர் படித்தார். ஆறு பேரைப் பற்றி அன்றும் பேசவில்லை, அப்புறமும் பேசவில்லை.

இது நடந்து ஒன்பது மாதம் ஆகிறது. மேசைகளில் அதே இருபத்திரண்டு பேர் இருக்கிறார்கள், கத்தரிக்கோல் நாலு. மேற்கு வாசல் சாவி என்னிடம் இருக்கிறது. சாரல் பார்க்க ஆள் தேவையில்லை என்றாலும் அக்கா ஜன்னலோரத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர் சுருள் கணக்கு இப்போது மற்றவர்களுக்குச் சமம். அவர் கணவரிடமிருந்து போன மாதம் கடிதம் வந்தது. பேப்பர் பதினொரு மணிக்கு.